முப்பிடாதியின் இடதுகைப் பெருவிரல்

வாகைநேரி மேலத்தெருவில் காணாமல் போன சாமான்கள் முப்பிடாதியின் இடதுகைப் பெருவிரலில் தெரிய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நனைத்த பீடி இலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் மடியில் தட்டோடு வாசலில் வந்து உட்காரும் நேரத்தில். அன்று வானத்தில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை, மாடு எதுவும் வாய் திறந்து பேசவில்லை, தெருக்குழாயில் வழக்கம்போலத் தண்ணீர் வரவில்லை.

முப்பிடாதிக்கு இரண்டு பெருவிரலிலும் நகம் கிடையாது. பிறவியிலேயே இல்லை. ஆள்காட்டி விரலில் பாதி நகம், அடுத்ததில் முக்கால், சுண்டுவிரலுக்கு வரும்போது முழுசு என்று, முதலில் கையை இறுக்கிக்கொண்டு பிறகு மனசு கேட்காமல் கொடுத்தவர் மாதிரி கடவுள் கொடுத்திருந்தார். அவள் அப்பா சங்கரபாண்டிக்கும் இப்படித்தான், அவருடைய அத்தைக்கும் இப்படித்தான், இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பிரமுவுக்கும் இப்படித்தான். ஊரில் அந்த வீட்டுக்கு 'மொட்டவெரல் வீடு' என்று பேர். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கூட அப்படிக் கேட்டுத்தான் வருவார், அதில் யாருக்கும் கோபமில்லை. விரலோடு வேறு சிலதும் அந்த வீட்டுக்கு வழிவழியாக வந்துகொண்டிருந்தன. முழங்கை முழுசாக நீளாது. முழங்கால் முட்டுச்சில்லு சின்னதாக இருந்து நடக்கும்போதே நழுவும். நாற்பதைத் தாண்டினால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். சங்கரபாண்டி நாற்பத்தாறு வயதில் நீர் கோத்து, முகம் பூசணிக்காயாக வீங்கிச் செத்தார். நகம், முட்டு, நீர் மூன்றும் ஒரே வீட்டில் இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும். மூன்றும் ஒரே சங்கதியாக இருக்குமோ என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பீடி சுற்றுகிறவளுக்குப் பெருவிரல் நகம் என்பது தச்சனுக்கு உளி. தூள் வைத்துச் சுருட்டிய பீடியின் வாயை நகத்தால்தான் மடித்துக் குத்த வேண்டும். முப்பிடாதி பால்பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டி வளைத்து ஒரு தொப்பி செய்து பெருவிரலில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஆயிரம் சுற்றும் நேரத்தில் எழுநூறு சுற்றுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை தகரம் சதையை அழுத்துகிறது என்று தொப்பியைக் கழற்றி விரலை ஊதிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுச் சொர்ணம், காணாமல் போன மூக்குத்தியை நினைத்து மூன்றாவது நாளாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள், தற்செயலாக அந்த விரலைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் வெரலுக்குள்ள என் மூக்குத்தி கெடக்குட்டி."

"எங்கன மயினி?"

"வெரல்லதான், நகம் இருக்க வேண்டிய எடத்துல. எங்க வீட்டு அரிசிப்பானைக்கு அடியில கெடக்கு. பக்கத்துல ஒரு செத்த கரப்பாங்கூடத் தெரியுது."

சொர்ணம் எழுந்து போனாள், பானையை நகர்த்தினாள், கரப்பானைத் தூக்கி எறிந்துவிட்டு மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்து விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெரலத் தொடச்சு வச்சுக்கட்டி, சாயங்காலம் எங்க நாத்தனா வருவா, அவளுக்கு ஆட்டக் காணல," என்றாள்.

ஆடு கிடைத்தது. அதற்குப் பிறகு ஊர் அந்த விரலை ரேஷன் கடை மாதிரி, தபால் பெட்டி மாதிரி எடுத்துக்கொண்டது. ரேஷன் அட்டையைத் தொலைத்தவன் வந்தான், பம்புசெட்டு சாவியைத் தொலைத்தவன் வந்தான், மப்டியில் வந்த ஏட்டய்யா தன் தொப்பியைக் கேட்டுவிட்டு வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போனார், பத்து வருஷத்துக்கு முன் கிணற்றில் விழுந்த குடத்தைக் கேட்டு ஒருத்தி வந்தாள், பல்செட்டைக் கேட்டு வந்த ஒருவர் அது தன் சம்பந்தி வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் எழுந்து போனார். கூட்டம் கூடியதும் விதிகளும் கூடின. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் விரல். காதலித்து ஓடிப்போனவர்களைக் கேட்கக் கூடாது, வீண் வம்பு. வெளியூர்க்காரர்களுக்கு முதல் இடம், அவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இளைஞர் நற்பணி மன்றம், பார்வை மங்கியவர்களுக்கு உதவியாகக் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. கைப்பிடியில் மன்றத்தின் பெயரும் தலைவர் தங்கச்சாமியின் பெயரும் சிவப்பு எழுத்தில் இருந்தன, விரலுக்கு உரியவளின் பெயருக்கு இடம் போதவில்லை. கேபிள் டிவிக்காரர் ஒருநாள் கேமராவோடு வந்து எடுத்துப் பார்த்தார். திரையில் வெறும் விரல்தான் தெரிந்தது, அதனால் அன்றைக்கு ஊரார் கேமராவைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

விரலுக்கு ஒரு குணம் உண்டு. தொலைந்ததைத்தான் காட்டும், தொலையாததைக் காட்டாது. பெண்டாட்டியின் சங்கிலியை விற்றுவிட்டுத் தொலைந்துவிட்டது என்று சொன்ன ஒருவன் பெண்டாட்டியோடு வந்து பார்த்தான். வெறும் சதை தெரிந்தது. அந்த வீட்டில் அன்று நடந்த சண்டை இரண்டு தெருவுக்குக் கேட்டது. இன்னொரு குணம், அது அதன் சொந்தக்காரிக்கு மட்டும் ஒன்றும் காட்டாது. முப்பிடாதி எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்தது புகையிலைக் கறை ஏறிய ஒரு மொட்டைப் பெருவிரல்தான். மற்றவர்களெல்லாம் அவள் கையில் தங்கள் வாழ்க்கையைத் தேடி எடுத்துக்கொண்டு போக, அவள் முகத்தைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருமுறை, கூட்டம் கலைந்த பிறகு, அவளே வெட்கத்தை விட்டுச் சொர்ணத்திடம் கேட்டாள். "மயினி, எனக்காவ ஒண்ணு பாருங்களேன். பிரமு அப்பா திருப்பூருக்குப் போயி நாலு கோயில் கொடை முடிஞ்சிட்டு. எங்கன இருக்காவன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சொர்ணம் கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். விரலைத் துடைத்துவிட்டும் பார்த்தாள்.

"வெறும் வெரல்தாட்டி தெரியுது," என்றாள் கடைசியில்.

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன, ஆளு தொலையல. அங்கனதான் இருக்கான். வரல, அவ்வளவுதான்."

முப்பிடாதி அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது, கை நீட்டி நீட்டி நீளாத முழங்கை கடுத்தது, சாயங்காலமானால் செருப்பு வார் பாதத்தில் பதிந்த தடம் விடியும்வரை மறைவதில்லை, இரண்டு வீடு தள்ளிப் போகவே மூச்சு வாங்கியது. செவ்வாயும் வெள்ளியும் விரலுக்குப் போனால் மிச்ச ஐந்து நாளில் ஏழு நாள் பீடியைச் சுற்றியாக வேண்டும். பார்வை கொடுத்த சாமி உடம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரிடமிருந்தும் சாமி எதையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே கவலை பிரமு. அந்தப் பிள்ளைக்கும் முட்டு நழுவும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் நடந்துவிட்டு வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், முப்பிடாதி மெடிக்கலில் கேட்டு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையில் ஒன்றைத் தானும் போட்டு ஒன்றை அவளுக்கும் கொடுப்பாள். மூன்று வருஷமாக அது சோறு மாதிரி ஆகிவிட்டது. இப்போது காலையில் எழுந்தால் பிரமுவின் கண் இரண்டும் அழுது தூங்கினவள் கண் மாதிரி உப்பியிருந்தது. "எம்மா, ஒண்ணுக்குப் போனா நொரையா வருது," என்றாள் ஒருநாள். "சோப்புத் தண்ணிய ஊத்தி வச்சிருப்ப," என்று சொல்லிவிட்டாள் முப்பிடாதி. சொல்லிவிட்டு அன்று பூராவும் சுற்றின பீடியெல்லாம் வாய் பிளந்து போய், பீடிக்கடையில் பாதியைக் கழித்துப் போட்டார்கள். சங்கரபாண்டிக்கும் முதலில் கண்தான் உப்பியது.

ஊருக்கும் பிரமு மேல் ஒரு கண் இருந்தது. அவள் விரலிலும் தெரிகிறதா என்று இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள், தெரியவில்லை. "வயசு வரட்டும், அம்மைக்கு அப்புறம் தானா எறங்கும்," என்று தங்கச்சாமி சமாதானம் சொன்னார். அடுத்த நாற்காலியையும் அதே வாசலில் போடுவதாக ஊர் முடிவு செய்துவிட்டது என்பது முப்பிடாதிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போக வேண்டும், எங்கேயாவது காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எழுத வேண்டும், கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

விரல் தொடங்கி மூன்றாவது வருஷம் ஆடி மாதத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. யார் எதைக் கேட்டாலும், கேட்டது தெரிந்ததோடு, விரலின் அடி ஓரத்தில் இரண்டு மொச்சைக்கொட்டைகளும் தெரிந்தன. சாவி கேட்டவனுக்கும் மொச்சை, கம்மல் கேட்டவளுக்கும் மொச்சை. கேட்டது தெரியாதவருக்கு மட்டும் மொச்சையும் தெரியவில்லை. முதலில் பருமனாக இருந்ததாகவும், வாரத்துக்கு வாரம் வற்றிச் சுருங்குவதாகவும் சொன்னார்கள். யாருடைய மொச்சை என்று விசாரித்தார்கள், யாரும் மொச்சையைத் தொலைக்கவில்லை. கேட்காமல் காட்டுவதால் இது உத்தரவு என்று மன்றம் கூடிப் பேசி முடிவுக்கு வந்தது. வற்றிக்கொண்டு போவதால் அவசர உத்தரவு. அந்த ஆடியில் வாகைநேரிக்காரர்கள் காடு, கரை, வாய்க்கால் வரப்பு, பள்ளிக்கூடத்துக் கொல்லை, பஸ் நிறுத்தத்துக்குப் பின்பக்கம் என்று ஒரு சாண் இடம் விடாமல் மொச்சை விதைத்தார்கள், மழையும் சொன்னபடி பெய்தது, மார்கழியில் ஊரே மொச்சையில் மூழ்கியது. மொச்சைக் குழம்பு, மொச்சைப் பொரியல், மொச்சைச் சுண்டல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முப்பிடாதிக்கு ஒரு கிண்ணம் வந்தது. அவளுக்குத்தான் வாயில் எதுவும் பிடிக்கவில்லை, எதைத் தின்றாலும் இரும்பு வாடை அடித்தது.

அந்த மார்கழியில்தான் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர் கிரேனாப் ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். டாக்டருக்குப் படித்து முடித்த அன்று அவள் அப்பா கட்டிவிட்ட கைக்கடிகாரத்தைக் காணோம். நர்ஸ் சொல்லி வந்திருந்தாள். டாக்டர் என்று தெரிந்ததும் வரிசை விலகி வழிவிட்டது. சொர்ணம் பூதக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். முப்பிடாதி விரலை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

யாரோ விரலைப் பிடித்துத் திருப்புவது தெரிந்தது, அமுக்குவது தெரிந்தது, பிறகு அடுத்த விரலை, அடுத்த கையை. முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"இது பிறந்ததிலேருந்தே இப்படியாம்மா?"

"ஆமாம்மா."

"இந்த ஆள்காட்டி விரலைப் பாருங்க. நகத்தோட அடியில ஒரு வெள்ளை இருக்குல்லா. எல்லாருக்கும் பிறை மாதிரி வளைஞ்சிருக்கும். உங்களுக்கு முக்கோணமா இருக்கு. கையை நல்லா நீட்டுங்க."

"இதுக்கு மேல நீளாது."

"முட்டு நழுவுமா?"

"நழுவும். எம் மவளுக்கும் நழுவும். எங்கய்யாவுக்கும் நழுவும்."

"அப்பா இருக்காங்களா?"

"நீர் கோத்து செத்துட்டாவ."

டாக்டர் குனிந்து முப்பிடாதியின் சேலைக்கரையை விலக்கிக் கணுக்காலுக்கு மேலே ஒரு விரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேர் அந்த விரலுக்குள் பார்த்திருக்கிறார்கள், விரலைப் பார்த்தது இவள் ஒருத்திதான் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது. தனக்கு ஒரு விரல் இருக்கிறது என்பதையே அவள் மறந்திருந்தாள்.

"டாக்டரம்மா, ஒங்க வாச்சப் பாக்கலியே," என்றாள் சொர்ணம்.

"அது கெடக்கட்டும்க்கா. பொண்ணு எங்க? அவளைக் கூப்பிடுங்க."

பிரமு வந்தாள். டாக்டர் அவள் நகங்களைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே பார்த்தாள், சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டாள். பிரமு அம்மாவைப் பார்த்தாள். முட்டு வலிக்கு என்ன செய்கிறாய் என்று டாக்டர் கேட்டாள். பிரமு உள்ளே போய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதை யார் குடுக்கறது?"

"நாந்தாம்மா குடுப்பேன்," என்றாள் முப்பிடாதி. "வலின்னு அழுவா."

"இனிமே வேண்டாம். ரெண்டு பேருக்குமே ஒண்ணுகூட வேண்டாம். இது வலியை நிறுத்தும், சிறுநீரகத்தைத் தின்னுரும்." சொல்லிவிட்டு முப்பிடாதியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாதும்மா. உங்ககிட்ட யாரும் சொல்லலை."

பிறகு அந்த வாசலிலேயே உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்களும் காது கொடுக்க, நோயின் கதையைச் சொன்னாள். இதற்கு இங்கிலீஷில் ஒரு பெரிய பேர் இருக்கிறது, தமிழில் சொன்னால் நகமும் முட்டுச்சில்லும் சேர்ந்த நோய். ரத்தத்தில் வழிவழியாக வருவது. பெற்றவர்களில் ஒருத்தருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி. நகம் போனால் போகட்டும், முட்டு நழுவினால் பார்த்து நடக்கலாம். இந்த நோய் சில பேருக்குச் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் பிடிக்கும், அதைத்தான் பயப்பட வேண்டும். உறுதி செய்யத் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம், நிறையப் பேருக்கு அதில் இரண்டு பக்கமும் சின்னதாகக் கொம்பு மாதிரி எலும்பு வளர்ந்திருக்கும்.

மூக்குத்தியையும் ஆட்டையும் பல்செட்டையும் விரலில் பார்த்து ஒரு நாளும் ஆச்சரியப்படாத மேலத்தெரு, இந்தக் கொம்பை மட்டும் நம்பவே இல்லை. இடுப்பில் கொம்பாம், கேட்கிறவன் கேனை என்றால் எதையும் சொல்வார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் தங்கச்சாமி நாலு பேரோடு வந்துவிட்டார்.

"பெரியாஸ்பத்திரிக்கு வெள்ளிக்கெழமதான் போவணும்னு சொல்லுதாவளாமே. வேற கெழம கெடயாதா? ஆளுவ எங்கெங்கேர்ந்தோ வாராவ."

"சிறுநீரகத்துக்குப் பாக்குத டாக்டரு அன்னைக்குத்தான் வருவாவளாம்ண்ணே."

தங்கச்சாமி தலையைச் சொறிந்தார். கேட்க வந்ததைக் கேட்டார். "வைத்தியம் பாத்தா நகம் மொளச்சிராதே?"

"மொளைக்காதாம். கேட்டுட்டேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்படியானால் போய்விட்டு வரட்டும், ஒரு வெள்ளிதானே என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். முப்பிடாதிக்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. கெட்ட மனுஷர்கள் இல்லை. தொலைத்துக்கொண்டே இருக்கிற மனுஷர்கள், அவ்வளவுதான்.

அம்மாவும் மகளும் இரண்டு பஸ் மாறித் திருநெல்வேலிக்குப் போனார்கள். ரத்தம் கொடுத்தார்கள், சிறுநீர் கொடுத்தார்கள், எக்ஸ்ரேயில் இரண்டு பேருக்கும் இடுப்பில் இரண்டிரண்டு கொம்பு இருந்தது. பிரமு அதைப் பார்த்துச் சிரித்தாள், வெகு நாளைக்குப் பிறகு. "நம்ம ரெண்டு பேரும் மாடுதாம்மா, அதான் ஊரு இப்படி ஏர்ல பூட்டுது," என்றாள். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். காகிதமெல்லாம் டாக்டர் கிரேனாப்புக்கு வந்து சேரும், அவளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை தாலுகா ஆஸ்பத்திரியில் கிரேனாப் பிரமுவை எடை பார்த்து வரச் சொல்லி வெளியே அனுப்பினாள். கதவு சாத்தியதும் முப்பிடாதி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"எம் பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கு?"

"ஆரம்பம்தான். புரதம் கொஞ்சம் ஒழுகுது, வேற எல்லாம் சரியா இருக்கு. ஒரு மாத்திரை எழுதித் தாரேன், ஒரு நாள் விடாம போடணும், வலி மாத்திரையைத் தொடக் கூடாது, மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும். அப்படி இருந்தா ரொம்ப வருஷம் தாங்கும். ஆயுசுக்கே தாங்கினாலும் தாங்கும். நல்ல நேரத்துல பாத்தாச்சும்மா."

முப்பிடாதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். முழங்கை நீளாததால் அது அரைக் கும்பிடாகத்தான் வந்தது.

"உங்களோடது," என்று தொடங்கி கிரேனாப் நிறுத்தினாள். ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டுமே சுருங்கிப் போச்சு."

முப்பிடாதி பார்த்தாள். மூன்று வருஷமாகத் தன் விரலில் எதையுமே பார்க்காதவள் முதல்முறையாகப் பார்த்தாள். கறுப்புப் படத்தில் இரண்டு மொச்சைக்கொட்டைகள் கிடந்தன, வற்றிப்போய். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லம்மா. ஆடியிலேருந்து ஊரே இதப் பாத்துட்டு இருந்துச்சு. யாருதுன்னு தெரியாம வெதச்சு, வெளைஞ்சு, கொழம்பு வச்சும் தின்னாச்சு."

கிரேனாப்புக்குப் புரியவில்லை, ஆனால் முப்பிடாதி அழுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். இனி ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், சீக்கிரமே, வாரத்துக்கு இரண்டு நாள் திருநெல்வேலிக்கு வந்து நாலு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்று சொன்னாள்.

"எந்தக் கெழமையம்மா?"

"இடம் இருக்கறது செவ்வாய், வெள்ளி."

"நல்லதாப் போச்சு," என்றாள் முப்பிடாதி. "அன்னைக்கு எப்படியும் கைய நீட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பிள்ளைட்ட இப்பச் சொல்லாதீய. பரீட்ச முடியட்டும்," என்றாள். எழுந்து வாசல்வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "ஒங்க வாச்சு?"

"இன்னொரு நாள் பாக்கலாம்மா," என்றாள் டாக்டர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சூரியன் ஏறி, எதிர்ச் சுவரில் வெயில் விழும் நேரத்தில் முப்பிடாதி உள்ளே தரையில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் வரிசை கூடவில்லை. பிரமு சீருடையோடு வந்து அவள் முன்னால் சம்மணம் போட முயன்று, முட்டு இடம் கொடுக்காமல், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எம்மா, வெரலக் காட்டு."

"என்னத்தட்டி தொலைச்ச?"

"காட்டேன்."

ஊரே பார்த்த விரலை அந்தப் பிள்ளை ஒரு நாளும் கேட்டதில்லை. முப்பிடாதி தகரத் தொப்பியைக் கழற்றிவிட்டு நீட்டினாள். வழக்கம்போல முகத்தைத் திருப்பப் போனவள், திருப்பாமல் மகளையே பார்த்தாள்.

"என் கிட்னி," என்று பிரமு விரலிடம் கேட்டாள். உற்றுப் பார்த்தாள். கையைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தளர்ந்து விரிந்தது. "வெறும் வெரல்தாம்மா! ஒண்ணுமே தெரியல!"

தொலையாததை அது காட்டாது. முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் ஆறிப்போன மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னதை நம்பினாள்தான், ஆனாலும் விரல் சொன்னதும்தான் மனசு கீழே இறங்கி உட்கார்ந்தது. அந்த நிம்மதியில் கையை இழுத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

"எங்கம்மாவோடது," என்று கேட்டுவிட்டாள் பிரமு.

மூன்று வருஷமாக முப்பிடாதி சுவரையே பார்த்திருந்தாலும், எழுந்து போகிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரியாதவர் முகம் எப்படி இருக்கும், தெரிந்தவர் முகம் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பிரமு விரலைப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி தெளிவாகச் சொன்னாள்.

"இதுவும் வெறும் வெரல்தாம்மா. ஒண்ணும் இல்ல."

"நாந்தான் சொன்னேம்லா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு," என்றாள் முப்பிடாதி.

"ஆமா, சொன்ன."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிரமு விரலை விடவும் இல்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, சொர்ணம் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது, தூரத்து ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் மொட்டவெரல் வீடு இதுதானா என்று விசாரிப்பது கேட்டது. முப்பிடாதி கையை ஊன்றி எழப் பார்த்தாள். பிரமு அவள் தோளில் கை வைத்து உட்கார்த்தினாள், மடியிலிருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள், பாயை விரித்துத் தலையணையைப் போட்டாள்.

"படு."

"ஆளுவ வந்திருக்காவட்டி."

"படுன்னா படு."

படுத்தாள். பகலில் பாயில் படுத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. தரை குளுமையாக இருந்தது. பிரமு கதவைப் பாதி சாத்திவிட்டு வாசலுக்குப் போனாள், அவள் நிழல் மட்டும் உள்ளே விழுந்தது.

"இன்னைக்கு வெரல் கெடயாது," என்று அந்தப் பிள்ளை வரிசையைப் பார்த்துச் சொல்வது கேட்டது.

"ஏன், என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்கம்மா ஒறங்குதா."

முப்பிடாதி உறங்கவில்லை. ஆனால் மகள் ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டாளே என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாள், மூடின கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே உறங்கிப்போனாள்.